அரைப் பேச்சும் பக்கப் புகையும்

கண்டியிலிருந்து புறப்பட்டு, தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை வழியாகத் திகனைக்கும் தெல்தெனியவுக்கும் செல்லும் பஸ்களில் காலையும் மாலையும் பிரயாணம் செய்கிறவர்கள் ஒரு விசித்திரத்தை அறிவார்கள். பின் ஆசனத்தில் இரண்டு பெண்கள் அமர்ந்து, தேங்காய் விலையில் தொடங்கி மருமகளின் குணத்தில் முடியும் நீண்ட சம்பாஷணை ஒன்றை, இயந்திரத்தின் இரைச்சலையும் மிஞ்சிய குரலில் நடத்திக்கொண்டு வருவார்கள். அதைக் காதில் வாங்கியபடியே நாம் கண்ணயர்ந்து, நடத்துநர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் விழிப்போம். அதே பஸ்ஸில் முன் வரிசையிலிருக்கும் இளைஞர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை எடுத்து, அந்தப் பெண்களின் குரலைவிடத் தாழ்ந்த குரலிலேயே, "ம்... சரி... இல்லை, அது அவர் சொன்னது... எப்போது?" என்று பேசத் தொடங்கினால், பிடித்த தூக்கம் கலைந்துபோகும்; கையில் விரித்த பத்திரிகையின் வரிகள் கண்ணில் படுமேயன்றிக் கருத்தில் ஏறா. உரத்த பேச்சு தாலாட்டாகவும் மெல்லிய பேச்சு உபத்திரவமாகவும் ஆவது எதனால்?

இன்னொரு விசித்திரமும் இதே பாதையில் உண்டு. பஸ் நிலையத்தில் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து, மிதிபலகையில் கால் வைக்கும் கணம் வரை அதை விடாமல் இழுத்து, கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஏறும் மனிதர், தம்மோடு புகையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்பதை ஏழாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் உடனே அறிந்துகொள்கிறாள். அவரிடமே கேட்டால், "இங்கே ஒரு மணமும் இல்லையே!" என்று மனமறிந்து உண்மையையே சொல்லுவார். தொலைவிலிருக்கும் தாய்க்குத் தெரிவது அவருக்கு ஏன் தெரியவில்லை?

இவ்விரண்டையும் நாம் ஒழுக்கக் குறைவு என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைத்துவிட்டு, மேலே விசாரிப்பதில்லை. ஒழுக்கத்துக்கு இதில் பங்குண்டு. அதை நான் மறுக்க வரவில்லை. ஆயினும் அதற்கு முந்தியதாக மூக்கும் செவியும் மூளையும் சம்பந்தப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. தொல்லை கொடுப்பவர், தம் உடம்பின் அமைப்பினாலேயே, அத்தொல்லையை எல்லாரிலும் கடைசியாக அறிகிறவராக இருக்கிறார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதே.

இரண்டு புகைகள்

குண்டசாலையைச் சூழ்ந்த தும்பறைப் பிரதேசம் புகையிலைச் சாகுபடிக்கு நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த மண். பச்சை இலையை உலர்த்தும் கொட்டில்களின் மணத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். உலரும் இலையின் மணத்துக்கும் எரியும் இலையின் புகைக்கும் உள்ள தூரம் பெரிது. எரியும் இலை தருவதும் ஒரே புகையன்று, இரண்டு.

சிகரெட்டை வாயில் வைத்து இழுக்கும்போது அதன் நுனியிலுள்ள கனல் காற்றை வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை கொதிக்கிறது. அப்போது எழும் புகை, புகையிலைத் தூளின் ஊடாகவும் பஞ்சு வடிகட்டியின் ஊடாகவும் வந்து புகைப்பவரின் மார்புக்குள் போகிறது. இதனை உட்புகை எனலாம். ஆனால் ஓர் இழுப்பு நீடிப்பது இரண்டொரு விநாடிதான். ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில், விரல்களுக்கு நடுவே சும்மா இருக்கும் நேரத்திலெல்லாம், கனல் 600 பாகை அளவுக்கு இறங்கி, போதிய பிராணவாயு இன்றி அரைகுறையாக எரிந்துகொண்டே இருக்கிறது. அப்போது நுனியிலிருந்து நூலாக மேலெழும் புகையைப் பக்கப் புகை என்று அழைப்போம். அரைகுறையாக எரிந்த பொருளில் நச்சுச் சேர்மங்கள் பல கூடுதலாக உண்டாவது இரசாயன நியதி. அன்றியும் இந்தப் புகை எந்த வடிகட்டியின் ஊடாகவும் வருவதில்லை. சிகரெட்டின் வாய்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு, அதைப் புகைப்பவருக்கு அற்பமான காவல், பக்கத்திலிருப்பவருக்கு அந்த அற்பக் காவலும் கிடையாது. மூடிய அறை ஒன்றில் தங்கும் சிகரெட் புகையில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்பக்கப் புகையே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புகைப்பவர் ஊதி வெளியே விடுவது எஞ்சிய சிறு பங்கு.

புகையிலைப் புகையில் இதுவரை இனங்காணப்பட்ட இரசாயனப் பொருள்கள் 7,000க்கு மேற்பட்டவை. அவற்றுள் எழுபதளவில் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. இவற்றிற் பெரும் பகுதியைச் சுமந்து திரிவன கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இருநூறில் ஒரு பங்குதான் இத்துகளின் பருமன். இவ்வளவு சிறிய பொருளைப் பூமி இழுக்கும் வேகம் மிகவும் மந்தமானது. அசைவற்ற காற்றில் விட்டால் ஒரு மணி நேரத்தில் சில சென்டிமீட்டருக்குமேல் அது கீழே இறங்காது. புகையின் நீல நிறம் கலைந்ததும் புகையே போய்விட்டது என்று நாம் எண்ணுகிறோம். அது போகவில்லை, பரந்துவிட்டது, அவ்வளவுதான்.

மழைக்கு அடைத்த பஸ்: ஒரு கணக்கு

பரந்த புகை எவ்வளவு என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெருக்கல் வகுத்தலுக்கு மேற்பட்ட கணிதம் இதற்குத் தேவையில்லை.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்டிப் பக்கத்தில் அக்காலத்தில் மத்தியானம் திரும்பியதும் மலைகளின்மேல் முகில் கறுத்து, இடியோடு மழை கொட்டத் தொடங்கும். புறப்படக் காத்து நிற்கும் பஸ்ஸின் யன்னல்களையெல்லாம் பிரயாணிகள் இழுத்து அடைத்துவிட்டார்கள். கதவுப் பக்கத்திலும் ஆட்கள் நெருங்கி நிற்கிறார்கள். முன் ஆசனத்திலுள்ள ஒருவர், மழை விடும்வரை பொழுதுபோக வேண்டுமே என்று, ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். இன்றைய பஸ்களில் இக்காட்சி அரிதாகிவிட்டது. அந்த நல்ல மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக அவர் பற்றவைத்துவிட்டதாகவே கொள்ளுங்கள்.

பஸ்ஸின் உட்புறம் ஒன்பது மீட்டர் நீளமும், இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும், இரண்டு மீட்டர் உயரமும் உடையதென்றால், அதற்குள் அடங்கும் காற்று ஏறத்தாழ 40 கன மீட்டர். ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் வெளியே விடும் நுண்துகள் சுமார் 10 மில்லிகிராம். சில கடுகுகளின் எடைதான் இது. ஆனால் நுண்துகளை அளக்கும் கோல் மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கோலால் அளந்தால் 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம் ஆகிறது. இதை 40 கன மீட்டர் காற்றுக்குப் பங்கிட்டால் ஒரு கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம் வருகிறது.

இந்த எண் பெரிதா சிறிதா? உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நெறிமுறைப்படி, இத்தகைய நுண்துகள் ஒரு நாளின் சராசரியில் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டுதல் ஆகாது. 250க்கும் 15க்கும் நேராக ஒப்புநோக்கி, பதினாறு மடங்கு என்று கூவிவிடலாம். அப்படிச் செய்வது நியாயமாகாது. ஏனெனில் ஒன்று நாள் முழுவதற்குமான சராசரி, மற்றது அரை மணி நேரத்துச் சங்கதி. ஆகையால் மூச்சை வைத்துக் கணக்கிடுவோம். அமர்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் உள்வாங்கும் காற்று ஏறக்குறைய அரைக் கன மீட்டர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் வீதம், ஒரு நாளில் அவர் மார்புக்குள் போக அனுமதிக்கத்தக்க துகள் 180 மைக்ரோகிராம். அடைத்த பஸ்ஸில் அரை மணி நேரம் இருக்கும் தாய் உள்வாங்குவது கால் கன மீட்டர் காற்று. அதிலுள்ள துகள் அறுபத்திரண்டு அல்லது அறுபத்துமூன்று மைக்ரோகிராம். தாம் தொடாத, தமக்குப் பயனில்லாத, வேறொருவரின் ஒரே ஒரு சிகரெட்டுக்காக, ஒரு முழு நாளைக்குரிய அளவில் மூன்றில் ஒரு பங்கை அவர் அரை மணியில் செலவழித்துவிடுகிறார். மடியிலிருக்கும் குழந்தையோ, தன் உடலெடைக்கு ஒப்பிட்டால், தாயைவிட அதிகமாகவே காற்றை உள்வாங்குகிறது.

புகை பஸ் முழுவதும் சமமாகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் அருகிலிருப்பவர் கூடுதலாகவும் தொலைவிலிருப்பவர் குறைவாகவும் பெறுவர். மழை விட்டு யன்னல்கள் திறக்கப்பட்டு பஸ் ஓடத் தொடங்கினால், சில நிமிடங்களில் இந்த அளவு வெகுவாக இறங்கிவிடும். ஆகையினாலேதான் ஓடும் பஸ்ஸைவிட, ஒரு வாசலும் ஒரு பின்கதவும் கொண்டு, அடுப்புச் சூட்டோடு நாலு பேர் பிளேன்டீயும் சிகரெட்டுமாய் உட்கார்ந்திருக்கும் தேநீர்க்கடை மோசமான இடமாகிறது. கண்டியோ மலைகள் சூழ்ந்த பள்ளத்திலே அமைந்த நகரம். காற்று தேங்கி நிற்கும் காலை வேளைகளில் வாகனங்களின் புகையே வெளியேற வழியின்றி அங்கே கிடக்கிறது. சுவாசத்துக்குரிய நாளாந்த அளவின் கணிசமான பகுதி, சிகரெட் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, அந்நகர மக்களுக்குச் செலவாகிவிடுகிறது.

ஒரு பஸ் பிரயாணத்தால் நோய் வந்துவிடும் என்று சொல்லுவது மிகைப்படக் கூறல். பல்லாண்டு இடையறாது நிகழ்ந்தால் என்னாகும் என்பதை முதலில் பெரிய அளவில் எடுத்துக்காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானியாகிய தக்கேஷி ஹிராயமா. தாமாகப் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் எவ்வளவுக்கு அதிகமாகப் புகைப்பவரோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரற் புற்றுநோய் அபாயம் ஏறுகிறது என்று 1981இல் அவர் வெளியிட்டார். அன்று அதற்கு எதிர்வாதங்கள் பல எழுந்தன. புகையிலைக் கம்பெனிகள் அவற்றை ஊக்குவித்தன. ஆனால் அடுத்தடுத்து வந்த ஆராய்ச்சிகள் அவர் சொன்னதையே உறுதிப்படுத்தின. பிறர் புகையில் அபாயமற்ற அளவு என்று ஒன்று கிடையாது என்பது 2006இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை கண்ட முடிவு. பிரயாணி அரை மணியில் இறங்கிப் போய்விடுவார்; நாள் முழுவதும் அதே பஸ்ஸில் நிற்கும் நடத்துநரும், அதே கடையில் கோப்பை கழுவும் பையனும் எங்கே இறங்குவார்கள்? இந்த விஷயத்தில் என் கவலை முதன்மையாக அவர்களைப் பற்றியதே.

மூக்கின் மறதி

புகைத்தவருக்கு ஏன் தெரியவில்லை என்ற வினாவுக்கு விடை சுருக்கமானது. மூக்கின் உட்கூரையிலுள்ள நரம்புக் கலங்கள் புதிய மணத்தை அறிவிக்கவே அமைந்தவை. ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அவை அறிவிப்பதைக் குறைத்துக்கொள்ளுகின்றன. மூளையும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. இதனை மணப் பழக்கம் என்போம். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர் நாள் முழுவதும் அங்கே இருக்க முடிவது இதனாலேயே. அத்துடன் நெடுநாள் புகைப்பவர்களின் மோப்ப சக்தி பொதுவாகவே மழுங்குகிறது. கடைசி இழுப்புக்குப் பின் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் அவர்கள் விடும் மூச்சில் புகைத் துகள் இருந்துகொண்டே இருக்கிறது என்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். கட்டையை எறிந்துவிட்டு மிதிபலகையில் ஏறியவர் புகைத்து முடித்துவிட்டார், அவருடைய மார்பு இன்னும் முடிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூக்கு அவருக்குச் சொல்லவில்லை.

பாதிப் பேச்சு

இனித் தொலைபேசிக்கு வருவோம். பிரித்தானியாவில் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அண்ட்ரூ மொங்க் என்பவரும் அவர்தம் துணைவர்களும் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி எளிமையிலும் நேர்த்தியிலும் பாராட்டத்தக்கது. புகையிரதத்திலும் பஸ் நிலையத்திலும் பொதுமக்களின் அருகே, நடிப்பவர்களைக் கொண்டு ஒரே சம்பாஷணையை இரண்டு விதமாக நடத்திக் காட்டினார்கள்: ஒரு முறை இருவர் நேருக்கு நேர் இருந்து பேசினார்கள், இன்னொரு முறை ஒருவர் கைத்தொலைபேசியில் பேசினார். குரலின் அளவைச் சமமாக வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் பின்னர் விசாரித்தபோது, தொலைபேசிப் பேச்சே தங்கள் கவனத்தை அதிகம் இழுத்தது, அதிகம் எரிச்சலூட்டியது என்று அவர்கள் சொன்னார்கள். குற்றம் கருவியுடையதா என்று அறிய அவர்கள் வேறொரு சோதனையும் செய்தார்கள். நேரில் பேசும் இருவரில் ஒருவரின் குரல் மட்டும் பிறருக்குக் கேட்கும்படி ஏற்பாடு செய்தபோது, தொலைபேசி எதுவும் இல்லாமலேயே அதே அளவுக்குக் கவனம் இழுபட்டது. ஆகவே தொல்லை கருவியில் இல்லை. பேச்சில் பாதி மறைந்திருப்பதில் இருக்கிறது.

பாதி மறைந்தால் என்ன? இங்கேதான் மூளையின் சுபாவம் ஒன்றை அறிய வேண்டும். பேச்சைக் கேட்கும்போது நாம் வந்து விழும் சொற்களை வாங்கி அடுக்கிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. அடுத்து வரப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறோம். பத்து மொழிகளில் மனிதர்களின் உரையாடலை அளந்து 2009இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். ஒரு பொருளின் படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்ல ஆயத்தமாவதற்கே இதைப்போல் மூன்று மடங்கு நேரம் தேவை. எனவே, எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே அது எங்கே போய் முடியும் என்று அறிந்து பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறோம் என்றாகிறது. இந்த ஊகத்தை வேண்டுமென்று நாம் செய்வதில்லை; வேண்டாமென்று நிறுத்தவும் நம்மால் முடியாது.

பின் ஆசனத்துப் பெண்கள் பேசும்போது கேள்விக்குப் பதிலும் பதிலுக்கு மறுப்பும் ஒழுங்காக வந்து சேர்கின்றன. ஊகம் அவ்வப்போது நிறைவேறுவதால் மூளை அதை ஒரு பக்கத்தில் ஓடவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. தொலைபேசிக்காரரோ, ஒருவர் எழுதிய கடிதத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரியை மறைத்துவிட்டு வாசிக்கத் தந்தாற்போல, "எப்போது?" என்கிறார், பதில் வரவில்லை. "ஐயோ, அப்புறம்?" என்கிறார், என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. எப்போது மறுபடி பேசுவார் என்பதும் தெரியாது. அந்த ஒவ்வோர் இடைவெளியிலும் மூளை தன் கைவேலையைப் போட்டுவிட்டு, மறைந்த வரியை இட்டு நிரப்பப் போகிறது.

லோரன் எம்பர்சன் என்பவரும் அவர்தம் குழுவினரும் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனை இதை அளந்து காட்டியது. கணினித் திரையில் நகரும் ஒரு புள்ளியைக் கைவிடாமல் பின்தொடர்வதும், குறித்த எழுத்துகள் தோன்றும்போது விசையை அழுத்துவதும் பங்கேற்றவர்களுக்குத் தரப்பட்ட வேலைகள். இருவர் பேச்சு முழுவதும் கேட்டபோதும், ஒருவர் தாமாகவே தொடர்ந்து பேசியது கேட்டபோதும் அவர்கள் வேலை கெடவில்லை. தொலைபேசிப் பேச்சின் ஒரு பாதி மட்டும் கேட்டபோது பிழைகள் மிகுந்தன. காதில் விழுந்த ஒலியின் மொத்த அளவு இந்த மூன்றாம் வகையில்தான் குறைவு என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். குறைந்த ஒலி கூடுதல் தொல்லையாயிற்று.

சகல சோதனைகளும் ஒரே விதமாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சான் டியேகோப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2013இல் வெளியான ஒன்றில், எழுத்துகளைக் கலைத்துப் போட்ட சொற்புதிர்களை விடுவிக்கும் திறன் பாதிப் பேச்சால் குறையவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் முழுப் பேச்சைக் கேட்டவர்களைவிட அதிக எரிச்சல் அடைந்ததும், கேட்ட சொற்களை அதிகமாக நினைவில் வைத்திருந்ததும் தெளிவாகவே தெரிந்தன. வேண்டாத ஒருவரின் வீட்டு விவகாரம் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருவது இதனால்தான் போலும்.

மொழி அறியாதவரின் நிம்மதி

எம்பர்சன் குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். அதே பாதிப் பேச்சை, ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் மாறாமல், சொற்கள் மட்டும் விளங்காதபடி வடிகட்டி ஒலிக்கவிட்டார்கள். தொல்லை மறைந்துவிட்டது. விட்டுவிட்டு வரும் ஒலியல்ல, விட்டுவிட்டு வரும் பொருளே மூளையை இழுக்கிறது என்பது இதனால் விளங்கும்.

குண்டசாலை பஸ்ஸில் சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும். மேற்சொன்ன முடிவு சரியானால், சிங்களத் தொலைபேசிப் பேச்சின் அருகே அமர்ந்திருக்கும் இருவரில், அம்மொழி அறியாத தமிழர் நிம்மதியாகத் தம் பத்திரிகையை வாசிப்பார். இரு மொழியும் அறிந்தவர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். தமிழ்ப் பேச்சின் அருகே இருக்கும் சிங்களவருக்கும் இதே கதிதான். தமக்கு விளங்காத மொழியில் பேசுவதால்தான் அந்தப் பேச்சு எரிச்சலூட்டுகிறது என்று இந்நாட்டில் சிலர் நினைக்கிறார்கள். காது சொல்லும் சாட்சியம் அதற்கு மாறானது. விளங்காத பேச்சைப் பொறுக்க முடியாமல் ஒருவர் வருந்துவாரானால், அதற்குக் காரணத்தை மூளையின் ஊக சக்தியில் தேடுவது வீண். வேறிடத்தில் தேட வேண்டும்.

குரல் ஏன் உயர்கிறது

தொலைபேசியில் பேசுபவர் தம் குரல் உயர்ந்திருப்பதை ஏன் அறிவதில்லை? பிரான்ஸ் தேசத்துக் காது-தொண்டை மருத்துவராகிய எத்தியேன் லொம்பார் 1911இல் விளக்கிய உண்மை ஒன்று இதற்கு விடை தருகிறது. பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைப் புகுத்தினால் அவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் தம்மை அறியாமலே தாழ்த்திக்கொள்கிறார். பழைய பஸ் ஒன்று மேட்டில் ஏறும்போது எழும் இரைச்சலுக்கு உள்ளிருப்பவர்களெல்லாம் இவ்வாறே குரல் உயர்த்துகிறார்கள்.

தொலைபேசியில் இன்னொரு காரணமும் சேருகிறது. வீட்டுச் சுவரோரத்து மேசையில் இருந்த பழைய தொலைபேசியில், பேசுபவரின் குரலில் ஒரு சிறு பங்கை அவருடைய காதுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. இதனை மீள்குரல் எனலாம். மீள்குரல் பலமாகக் கேட்டால் பேசுபவர் தாமாகவே குரலைத் தாழ்த்துவார் என்பது தொலைபேசிப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். கைத்தொலைபேசியிலும் மீள்குரலுக்கு இடமுண்டு. ஆனால் இரைச்சல் மிகுந்த பஸ்ஸில், அந்தச் சிறு ஓசை காதில் எடுபடுவதில்லை. மறுமுனையில் இருப்பவரின் குரல் மெலிந்து கேட்கும்போது, நம் குரலும் அவருக்கு மெலிந்தே கேட்கும் என்று மனம் தவறாக முடிவு கட்டுகிறது, ஆகவே கத்துகிறோம். தெற்காசியாவின் முதற் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிலேதான் தொடங்கிற்று. அன்று செல்வந்தர் சிலரின் கையில் மட்டும் இருந்த பொருள் இன்று தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் மடியிலும் இருக்கிறது, அது மகிழத்தக்கதே. பழக்கவழக்கம் அவ்வளவு வேகமாக வளரவில்லை.

ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுப் பாட்டும் படமும் பார்ப்பவர்களை இந்தச் சமாதானங்கள் எவற்றிலும் சேர்க்க எனக்கு மனமில்லை. காதில் பொருத்தும் கருவி மலிவாகக் கிடைக்கும் காலத்தில், அறியாமல் செய்தோம் என்று சொல்ல அவர்களுக்கு உடம்பின் சாட்சியம் எதுவும் உதவாது. கர்நாடக மாநில அரசுப் பஸ்களில் இவ்வழக்கம் 2021 நவம்பரில் தடை செய்யப்பட்டது; அடுத்த ஜனவரியில் இந்திய ரயில்வேயும் இரவுப் பிரயாணிகளுக்கு இதே கட்டுப்பாட்டை விதித்தது.

பழைய மரியாதையும் புதிய சட்டமும்

நம்மிடையே புகை பற்றிய ஆசாரம் ஒன்று முன்பே இருந்தது. கடையோரத்தில் தொங்கும் கயிற்று நெருப்பில் சிகரெட்டைப் பற்றவைத்த இளைஞர், தகப்பனாரின் சிநேகிதர் தெருமுனையில் திரும்பி வருவதைக் கண்டதும், கனல் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி விரல்களை மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "என்ன மாமா, டவுனுக்கா?" என்று பணிவோடு கேட்பார். அந்தப் பணிவில் கபடமில்லை. ஆனால் அம்மரியாதை பெரியவரின் கண்ணுக்குச் செய்யப்பட்டது. அவருடைய மூச்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எவருக்கும் அக்காலத்தில் தெரியாது. பெரியவர் அருகே நின்று பேசும்வரை புகை இளைஞரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து அவரிடமே வந்துகொண்டிருந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூலியாட்களுக்குமோ அந்த அரை மரியாதைகூட இருந்ததில்லை.

இந்தக் குறையைச் சட்டம் நிரப்ப முன்வந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையை 2003 நவம்பரில் ஏற்று உறுதிசெய்த இலங்கை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் மூலம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும் அது தடுத்தது. பஸ்ஸில் பற்றவைப்பவரைக் காண்பது அரிதானது இதற்குப் பின்னரே. பெரிய ஹோட்டல்கள், உணவகங்கள், விமான நிலையம் ஆகியவற்றில் புகைப்போருக்குத் தனியிடம் ஒதுக்க அச்சட்டம் இடம் வைத்தது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மணிக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே இறங்கி, அசையும் காற்றோடெல்லாம் செல்லும் துகளுக்கு, தனியிடம் என்று எழுதிய பலகை ஒரு தடையாகாது.

அச்சட்டத்தில் பலரும் கவனியாத ஒரு விதி உண்டு. தடையை மீறாதிருத்தல் புகைப்பவருக்கு மட்டுமுரிய கடமையன்று. அந்த இடத்தின் உரிமையாளருக்கும் அதற்குப் பொறுப்பாக இருப்பவருக்கும் அது நடவாமற் பார்த்துக்கொள்ளும் கடமை இருக்கிறது. ஆகவே மழை நாளில் யன்னல் அடைத்த தேநீர்க்கடையில் யாரேனும் பற்றவைத்தால், அவரோடு வாதாட வேண்டியதில்லை, கடைக்காரரிடம் சொல்லுங்கள். பஸ்ஸானால் நடத்துநரிடம் சொல்லுங்கள். அவரே எல்லாரிலும் அதிக நேரம் அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் என்பதால், தம் பொருட்டும் அவர் கேட்பார்.

தொலைபேசியில் உரக்கப் பேசுபவர் விஷயத்தில் இத்தகைய சட்டம் துணைக்கு வராது. வாயால் சொல்லுவதொன்றே வழி. முறைத்துப் பார்ப்பதாலும் பெருமூச்செறிவதாலும் பயனில்லை, ஏனெனில் தம் குரல் உயர்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. "தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றோ, "மல்லி, டிக்கக் ஹெமின்" என்றோ, முகத்தில் கடுமையின்றிச் சொல்லுங்கள். நாளை உங்களிடமே ஒருவர் அப்படிச் சொன்னால், அவமதித்துவிட்டார் என்று எண்ணாமல் குரலைத் தாழ்த்திவிடுங்கள். ஒலிவாங்கி உங்கள் வாயருகே இருக்கிறது. மறுமுனையில் இருப்பவருக்கு அப்போதும் நன்றாகவே கேட்கும்.